வெள்ளிக் கரண்டிகள் யாருடையவை?

கண்ணீர் விட்டவன் மனம் மாறிவிட்டான் என்று நம்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று. விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ள்' புதினம் திரைக்கு வந்த போதெல்லாம் இந்த நம்பிக்கையே அரங்கை நிறைத்து வந்திருக்கிறது. நாடுகடத்தப்பட்டவராய்க் கெர்ன்சி தீவில் வாழ்ந்த ஹியூகோ 1862-இல் வெளியிட்ட அந்நூலைத் திரைப்படக் கலைஞர்கள் இன்றுவரை விட்டபாடில்லை. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடும் ரேமோன் பெர்னாரின் 1934-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படம், மறு ஆண்டே வந்த ஹாலிவுட் படம், 1958-இல் ழான் காபேன் நடித்தது, 1982-இல் லினோ வெந்தூரா நடித்தது, 1998-இல் லியாம் நீசன் நடித்தது, 2012-இல் டாம் ஹூப்பர் இயக்கிய இசைப்படம், 2018-இன் இறுதியில் பி.பி.சி. தொடங்கிய ஆறு பகுதித் தொடர் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நம் தமிழிலும் 1950-இல் 'ஏழை படும் பாடு' வந்தது.

இவற்றைக் கண்டோர் பேசுவதைக் கேட்டால் இரண்டு அணிகள் தென்படும். ஓர் அணியினர் கணக்காளர்கள். எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்த நிகழ்ச்சி இடம் மாறியது, எந்த நடிகரின் முகம் நூலின் வருணனைக்கு ஒத்து வரவில்லை என்று விரல் மடக்கி எண்ணுவார்கள். மற்ற அணியினர் உருகுபவர்கள். 2012-ஆம் ஆண்டுப் படத்தில் ஆன் ஹாத்தவே முகத்தருகே வைத்த காமிராவின் முன் பாடிய ஒரே பாட்டுக்காக ஆஸ்கார் விருது பெற்றது தகும் என்பார்கள். ரஸ்ஸல் குரோவுக்குக் குரல் வளம் போதாது என்பார்கள். நடிகர்கள் படப்பிடிப்பின் போதே நேரடியாகப் பாடியதை வியப்பார்கள். பிறகு பி.பி.சி. தொடர் வந்தபோது, இதில் ஏன் பாட்டு இல்லை என்று கேட்டவர்களும் உண்டு! ஹியூகோ ஏதோ பாட்டுப் புத்தகம் எழுதியவர் என்ற நினைப்பு அவர்களுக்கு.

இவ்விரு அணியினரோடும் நமக்கு வழக்கு உண்டு. குறைகளை எண்ணுபவர்கள் எண்ண வேண்டிய குறையை எண்ணவில்லை. அழுபவர்கள் அழ வேண்டிய இடத்தில் அழவில்லை. இப்புதினத்தின் மீது திரை செய்த மாற்றங்களுள் மிகப் பெரியது எதுவோ, அஃது இரு சாராரின் கண்ணிலும் படாமலே போய்விட்டது. ஹியூகோ நல்லவர்களின் மீது சுமத்திய குற்றத்தைத் திரை எடுத்துக் கெட்டவர்களின் தலையில் வைத்துவிட்டது. அதனால்தான் நம்மால் இவ்வளவு நிம்மதியாக அழ முடிகிறது.

முதலில் ஆயரை எடுத்துக்கொள்வோம். நூல் தொடங்குவது ழான் வல்ழானை வைத்தன்று. முதல் பதினான்கு அத்தியாயங்கள் தீஞ் நகரத்து ஆயர் மிரியேலைப் பற்றியவை. 1805 முதல் 1838 வரை அந்நகரில் உண்மையாகவே ஆயராயிருந்த மியோலிஸ் என்பவரே ஹியூகோவுக்கு முன்மாதிரி. நூலின் ஆயர் பதவியேற்ற சில நாள்களில் பக்கத்து மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார். ஐந்தாறு சிற்றறைகளில் இருபத்தாறு நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். அறுபது பேருக்கு இடமுள்ள ஆயர் மாளிகையிலோ தாமும் தங்கையும் பணிப்பெண்ணும் மட்டும். எங்கோ கணக்குப் பிழைத்துவிட்டது என்று சொல்லி, மறுநாளே நோயாளிகளை மாளிகைக்கும் தம்மைச் சிறு வீட்டுக்கும் மாற்றிக்கொள்கிறார். ஆண்டு ஊதியம் பதினைந்தாயிரத்தில் தமக்கென ஆயிரம் மட்டுமே வைத்துக்கொள்கிறார்.

இத்தனைக்கும் பிறகு அவரிடம் ஒரு பலவீனம் மிஞ்சி நிற்கிறது. ஆறு பேருக்கான வெள்ளிக் கரண்டிகள், ஒரு பெரிய அகப்பை, பெரியபாட்டியிடமிருந்து வந்த இரண்டு மெழுகுதிரித் தண்டுகள். வெள்ளிக் கரண்டியால் உண்ணும் வழக்கத்தை விடுவது தமக்குக் கடினமாயிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இச்சிறு செய்தியை ஹியூகோ வீணாகச் சொல்லி வைக்கவில்லை.

வல்ழான் இரவில் கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காலையில் பணிப்பெண் பதறுகிறாள். ஆயர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, முதலில் அந்த வெள்ளி நம்முடையதா என்று அவளையே திருப்பிக் கேட்கிறார். நெடுநாளாக அதைத் தாம் தவறாக வைத்திருந்ததாகவும், அஃது ஏழைகளுடையது என்றும், வந்து போனவனும் ஏழைதானே என்றும் சொல்கிறார். காவலர்கள் வல்ழானைப் பிடித்துக்கொண்டு வருவது இதற்குப் பின்னர்தான்.

இந்த வரிசையை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். திருடன் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே ஆயர் தம்மைத் திருடனாகக் கண்டுகொண்டார். ஆகவே மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுப்பது இரக்கமுள்ள ஒருவர் குற்றவாளி ஒருவனுக்கு இட்ட பிச்சை அன்று. பிறர் பொருளை வைத்திருந்தவர் உரியவனிடம் திருப்பிக் கொடுக்கும் ஈடுசெய்தல் அது. அந்த அறையில் இருந்த இருவருமே குற்றவாளிகள். முதலில் அறிக்கையிட்டவர் ஆயர்.

திரையில் இதற்கு நேர்ந்தது என்ன? 1998-ஆம் ஆண்டுப் படத்தில் வல்ழான் ஆயரை அடித்து வீழ்த்துகிறான். நூலில் அடியும் இல்லை, உதையும் இல்லை, ஆயர் உறங்கிக்கொண்டிருக்கிறார். அடி ஏன் புகுத்தப்பட்டது? அடிபட்டவர் மன்னித்தால் மன்னிப்புக்கு எடை கூடும் என்ற நாடகக் கணக்கு. எடை கூடியது உண்மையே. ஆனால் கேள்வி இடம் பெயர்ந்துவிட்டது. வெள்ளி யாருடையது என்ற கேள்வி ஒழிந்து, அடித்தவனை மன்னிக்கலாமா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. 2012-ஆம் ஆண்டு இசைப்படத்திலும் ஆயர் சில நிமிடங்களில் வந்து போகிறார். பணிப்பெண்ணிடம் அவர் கேட்ட கேள்வி அங்கும் இல்லை. கடைசிக் காட்சியில் வல்ழானை மறுமைக்கு வரவேற்க அவர் மீண்டும் நிற்பது அழகான கற்பனைதான். குற்றமே இல்லாத புனிதராக அவரை ஆக்கிவிட்ட பிறகு, வரவேற்க நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

அடுத்து ஃபந்தீன். பார்வையாளர் கண்ணீரில் பெரும்பங்கு இவளுக்கே. இசைப்படத்தைப் பார்த்து வருபவரிடம், அவள் வேலையிழந்தது யாரால் என்று கேட்டுப் பாருங்கள். இச்சைக்கு இணங்காததால் பழிவாங்கிய மேற்பார்வையாளனால் என்பார். நூலில் அப்படி ஓர் ஆண் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பட்டறை வைத்து, ஒழுக்கமுள்ளவர்களுக்கே வேலை என்று விதி செய்தவர் மேயர் மதலேன், அதாவது மனம் திருந்திய வல்ழானேதான். அவ்விதியை நிறைவேற்றியவள் பெண்கள் பட்டறையின் கண்காணிப்பாளர். கொடுப்பதில் குறை வைக்காதவள். ஆனால் பிறர் நிலை அறிந்து பொறுத்துக்கொள்ளும் இரக்கத்தில் சற்றுக் குறைந்தவள் என்று ஹியூகோ அவளை அறிமுகம் செய்கிறார். ஃபந்தீனுக்கு ஒரு குழந்தை இருப்பதைப் பக்தியுள்ள ஒரு மூதாட்டி தம் கைக்காசைச் செலவழித்துத் துப்பறிந்து வருகிறார். மேயரின் பெயரால் ஐம்பது பிராங்குகளைக் கையில் வைத்து அவளை வெளியே அனுப்புகிறார்கள். மேயருக்கோ எதுவும் தெரியாது.

ஒருவரும் தீயவரல்லர். எல்லாரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். அதனால் ஒருத்தி தலைமயிரை விற்றாள், முன்பற்களை விற்றாள், பின்பு தன்னையே விற்றாள். இதைப் படிக்கும்போது அழுகை வருவதற்கு முன் வேறொன்று வரும். நம் நிறுவனங்களின் விதிப் புத்தகங்கள், விடுதிகளின் நடத்தை விதிகள், யாரைச் சேர்ப்பது யாரை நீக்குவது என்று நாம் மனச்சான்று உறுத்தாமல் கையெழுத்திட்ட தாள்கள் நினைவுக்கு வரும். ஒரு காமுகனைக் கொண்டு வந்து திரையில் நிறுத்திவிட்டால் அந்த நினைவு எழ வழியில்லை. அவன் வேறு, நாம் வேறு. வசதியாக அழலாம்.

முடிவும் இப்படியே. 1935 ஹாலிவுட் படமும் 1998-ஆம் ஆண்டுப் படமும் காவல் அதிகாரி ஜாவேரின் தற்கொலையோடு முடிந்துவிடுகின்றன. துரத்தியவன் ஒழிந்தான், துரத்தப்பட்டவன் விடுதலை பெற்றான். பின்னதில் வல்ழான் ஆற்றங்கரையில் முகம் மலர்ந்து நடந்து போகிறான். பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டு எழுகிறார்கள். ஆனால் நூலில் ஜாவேருக்குப் பிறகுதான் வல்ழானின் உண்மையான சிலுவைப் பாதை தொடங்குகிறது. அதில் அவனை ஏற்றுபவன் மரியுஸ். கோசெத்தின் கணவன், நேர்மையானவன், படித்தவன், விடுதலைக்காகத் தடுப்பரணில் துப்பாக்கி ஏந்தியவன். மாமனார் முன்னாள் கைதி என்று தெரிந்ததும் அவன் கத்தவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. வல்ழான் கோசெத்தைச் சந்திக்கக் கீழ்த்தளத்தில் ஓர் ஈரமான அறை ஒதுக்கப்படுகிறது. ஒரு நாள் அங்கே கணப்பில் நெருப்பு மூட்டப்படவில்லை. இன்னொரு நாள் நாற்காலிகளைக் காணவில்லை. கிழவன் புரிந்துகொண்டு வருவதை நிறுத்திவிடுகிறான். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம் செய்யாததை இரண்டு நாற்காலிகள் செய்து முடித்தன. இசைப்படத்தில் வல்ழான் தானே விலகிப் போகிறான். மரியுஸின் கை சுத்தமாகிவிடுகிறது.

'நீண்ட நூலைச் சுருக்கும்போது சிலவற்றை விட்டுத்தானே ஆக வேண்டும்? திரைக்கு நேரம் எங்கே?' என்று கேட்பார்கள். நேரம் இல்லாமலா பி.பி.சி. தொடர் வாட்டர்லூப் போர்க்களத்தில் தெனார்தியே பிணங்களிடம் திருடுவதிலிருந்து தொடங்கியது? அக்காட்சியும் நூலில் உள்ளதே. ஆனால் நூலின் முதற்பக்கத்தில் இல்லை. அங்கே இருப்பவர் ஆயர். விட்டவற்றைப் பற்றி நமக்குப் பெரிதாகக் குறையில்லை. பாரிசின் கழிவுநீர்க் கால்வாய்களின் வரலாற்றைப் படமாக்குங்கள் என்று எவரும் கேட்கப் போவதில்லை. விடுபட்டவை எல்லாம் ஒரே திசையில் விடுபட்டிருப்பதையே சுட்டுகிறோம். ஊரார் ஒதுக்கி வைத்த பழைய புரட்சிப் பேரவை உறுப்பினர் ஒருவர் சாகக் கிடக்கும்போது, அவரைத் திருத்தும் எண்ணத்தோடு போகிற ஆயர், பேச்சின் முடிவில் முழந்தாளிட்டு அவரிடமே ஆசி கேட்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. திரையில் அதை நாம் கண்டதில்லை.

திரைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க நமக்கும் உரிமை இல்லை. இந்நூலைத் திருச்சபை 1864-இல் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. 1966-இல் அப்பட்டியலே செயலிழந்தது. கத்தோலிக்க ஆயர் ஒருவரை ஹியூகோ இவ்வளவு உயர்த்தி வைத்ததைத் திருச்சபையை வெறுத்த அவருடைய நண்பர் வட்டம் விரும்பவில்லை, திருச்சபையும் விரும்பவில்லை. அன்று அதைத் தடை செய்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. அவர்கள் அது தங்களைக் குத்துகிறது என்று அறிந்திருந்தார்கள். இன்று தவக்கால மறையுரைகளில் அதே மெழுகுதிரித் தண்டுகள் ஏற்றப்படுகின்றன. மன்னிக்கும் ஆயரைப் பற்றிக் கேட்கிறோம். வெள்ளியைப் பதுக்கியிருந்த ஆயரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறையுரை தயாரித்தவர் படித்தது நூலையா, பார்த்தது படத்தையா என்று நமக்கு ஐயமாகவே இருக்கிறது.

தமிழ்ப் பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை. கவியோகி சுத்தானந்த பாரதியார் இந்நூலை 'ஏழை படும் பாடு' என்ற பெயரிலேயே தமிழாக்கியிருந்தார். கே. ராம்நாத் இயக்கத்தில் கோவை பட்சிராஜா நிறுவனம் அதைப் படமாக்கியது. நாகையா, வல்ழானாகிய கந்தனாக நடித்தார். அவரது நடிப்பைப் பெரியவர்கள் நெடுங்காலம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். எனினும் அரங்கை விட்டு வெளியேறிய மக்கள் தங்களோடு எடுத்துச் சென்ற பெயர் கந்தன் அன்று, ஆயருடையதும் அன்று. விரட்டிய அதிகாரியின் பெயரே. அப்பாத்திரத்தை ஏற்ற சீதாராமன், அன்று முதல் வாழ்நாள் முழுதும் ஜாவர் சீதாராமனாகவே அழைக்கப்பட்டார். சிறந்த நடிப்புக்குக் கிடைத்த பட்டம் அது, மறுக்கவில்லை. ஆனால் நம் நினைவு யாரைத் தேர்ந்துகொண்டது என்பதைக் கவனியுங்கள். குற்றத்தைத் தாங்கிக்கொள்ள நமக்கு எப்போதும் ஒரு ஜாவர் தேவைப்படுகிறார்.

தவக்காலத்தில் பங்கு மன்றங்களில் இப்படங்களுள் ஒன்றைத் திரையிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நிறுத்தச் சொல்லவில்லை; தாராளமாகத் திரையிடுங்கள். படம் தொடங்கும் முன் நூலின் முதல் பகுதியில் இரண்டாம் புத்தகத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் ஒருவர் எழுந்து உரக்கப் படிக்கட்டும். பணிப்பெண் காலிக் கூடையைக் கண்டு அலறுவதும், ஆயர் அவளிடம் திருப்பிக் கேட்பதும் அதில்தான் வருகின்றன. மிகச் சிறிய அத்தியாயம். படித்து முடிக்கப் பத்து நிமிடங்கூட ஆகாது.