மனப்பாடம் போதும், மோட்டார் கொட்டகைக்கு வாங்க!



தினமும் 10 ஆங்கில வார்த்தை மனப்பாடம். மறுநாள் டிக்டேஷன். தப்பானால் இம்போசிஷன். 6-ஆம் வகுப்பிலிருந்து இப்படித்தான் படிக்கிறோம். வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்தாலும் 2,000 வார்த்தை. மூன்று வருஷத்தில் 6,000 வார்த்தை! நம்மில் யாருக்காவது அத்தனை வார்த்தை தெரியுமா? எனக்குத் தெரியாது. படித்த வார்த்தையெல்லாம் எங்கே போச்சு?

போன மாசம் எங்க கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆச்சு. மெக்கானிக் அண்ணன் வந்தார். அவரும் எங்க அப்பாவும் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சப்மெர்சிபிள், ஸ்டார்ட்டர், பேனல், பியூஸ், காயில், வால்வு, ரீவைண்டிங்... எண்ணிப் பார்த்தால் 14 ஆங்கில வார்த்தை! எங்க அப்பா 5-ஆம் வகுப்பு வரைதான் படித்தவர். அவருக்கு யாரும் டிக்டேஷன் வைத்ததில்லை. ஆனால் ஒன்றையும் மறக்கவில்லை. ஏன்? ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் கையால் தொட்ட ஒரு பொருள் இருக்கு. பியூஸை மறந்தால் வயலுக்குத் தண்ணி வராது!

மறுநாள் ஆங்கில டீச்சரிடம் சப்மெர்சிபிள் என்றால் என்ன என்று கேட்டேன். நூலகத்துப் பெரிய அகராதியை எடுத்துக் காட்டினாங்க. 'சப்' என்றால் கீழே, அடியில். 'மெர்ஜ்' என்றால் மூழ்குவது. தண்ணீருக்கு அடியில் மூழ்கி வேலை செய்கிற மோட்டார்! உடனே சப்மெரைன் புரிந்தது, சப்வே புரிந்தது. ரீவைண்டிங்கில் உள்ள 'ரீ' என்றால் மறுபடியும். அப்போ ரீசார்ஜ், ரீபில், ரீசைக்கிள் எல்லாம் ஒரே குடும்பம். டிராக்டர் என்றால் இழுப்பது. அட்ராக்ட் என்றால் தன் பக்கம் இழுப்பது, காந்தம் இழுக்கிற மாதிரி. எக்ஸ்ட்ராக்ட் என்றால் வெளியே இழுப்பது. கணக்கில் வருகிற சப்ட்ராக்ட், கீழேயிருந்து இழுத்து எடுப்பது. ஒரு டிராக்டரைப் பிடித்தால் மூன்று வார்த்தை பின்னாலேயே டிரெய்லர் மாதிரி வருது!

இதை வீட்டில் சொன்னதும் என் தம்பி, "அப்போ சப்பாத்தியும் கீழேதான் இருக்குமா அக்கா?" என்று கேட்டான். சிரிப்பு வந்தாலும் அவன் கேள்வி சரிதான். எல்லா வார்த்தையையும் இப்படிப் பிரிக்க முடியாது. அகராதியைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

நம் அறிவியல் புத்தகமும் இந்த வேலைக்கு உதவும். தமிழ்வழியில் படித்தால் ஆங்கிலம் வராது என்று சிலர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தொலைநோக்கி என்பதைப் பாருங்கள். தொலை என்றால் டெலி, நோக்கி என்றால் ஸ்கோப். டெலஸ்கோப்! நுண் என்றால் மைக்ரோ, அதனால் நுண்ணோக்கி மைக்ராஸ்கோப். வெப்பமானி தெர்மோமீட்டர். ஒளிச்சேர்க்கையில் ஒளி என்பது போட்டோ, சேர்க்கை என்பது சிந்தசிஸ். தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சொல்லுக்குச் சாவி! நாம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டின் முன்னால் அழுகிறோம்.

இந்த டெலி, மைக்ரோ, தெர்மோ எல்லாம் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்தும் இல்லை. கிரேக்க மொழியிலிருந்து வாங்கியது. நம்ம கட்டுமரத்தைக்கூட 'கட்டமரான்' என்று வாங்கிக்கொண்டது ஆங்கிலம். வாங்கியவர்களுக்கே வெட்கம் இல்லை, படிக்கிற நமக்கு ஏன் வெட்கம்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பெயரைப் பிரித்தால் எப்போதும் உண்மை வராது. ஆக்சிஜன் என்ற பெயருக்கு 'அமிலத்தை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நினைத்து லவாய்சியர் 18-ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை. 1810-இல் ஹம்ப்ரி டேவி, அதில் இருக்கும் குளோரின் ஒரு தனிமம் என்று விளக்கினார். தப்பு தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆகவே வார்த்தையோடு பாடத்தையும் சேர்த்துப் படிக்கணும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? எங்க தெருவில் ஒரு அக்கா 10-ஆம் வகுப்பில் அறிவியலில் நல்ல மார்க் வாங்கி பாலிடெக்னிக் போனாங்க. ஒரு வருஷம்கூட முடியவில்லை, திரும்பி வந்துட்டாங்க. இப்போது மில்லுக்குப் போறாங்க. "பாடம் கஷ்டம் இல்லடி. எல்லாம் நம்ம தெரிஞ்ச பாடம்தான். வார்த்தையைப் பார்த்தே பயந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னாங்க. தெரிந்த பாடத்துக்குப் பயந்து ஒருவர் படிப்பை விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்! பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழியில் படித்தவர். 2008-இல் விண்ணுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் அவர். அந்த அக்காவுக்கும் நமக்கும் அறிவு குறைவில்லை. வழி காட்டினால் போதும்.

இப்படிப் படித்தால் ஆங்கிலம் முழுசா வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பேசிப் பழகணும், இலக்கணம் படிக்கணும். சின்னச் சின்ன வார்த்தைகளை மனப்பாடம்தான் செய்யணும்.

அதனால் டிக்டேஷனை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த 10 வார்த்தையில் 5 வார்த்தையை அன்றைய அறிவியல் பாடத்திலிருந்து கொடுங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் எழுதி, இரண்டையும் பிரித்துக் காட்டினால் யாருக்கும் மறக்காது.

தோழர்களே, நீங்களும் வீட்டில் இருக்கும் ஒரு கருவியின் பெயரைக் கொண்டு வாருங்கள். தையல் மிஷினோ, மிக்ஸியோ, ஸ்பிரேயரோ எதுவானாலும் சரி. இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அகராதியைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து பிரிப்போம்.

முதல் வார்த்தையை நானே எழுதிவிட்டேன்: சப்மெர்சிபிள். கொடுத்தவர் எங்க அப்பா!



– 9-ஆம் வகுப்பு மாணவி