காலி இடத்தைப் பார்க்க இரண்டு நாள்

டிசம்பர் கடைசி வந்தால் பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு லீவு. கூர்க், சிக்மகளூர், வயநாடு, ஊட்டி என்று எங்காவது ஓடியாக வேண்டும். ரூம் வாடகை எகிறியிருக்கும். பாதி லீவு காரிலேயே கழியும். திரும்பி வந்ததும் உடம்பு வலிக்கு இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்கும் :-)

நான் சொல்வது இதுதான். இந்த ஜனவரியில் இரண்டே இரண்டு நாள் ஒதுக்குங்கள். பெங்களூரை விட்டு 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். குடும்பத்தோடு பறவை பார்க்கக் கிளம்புங்கள். பறவையைப் பார்க்கும்போது அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

குளிர்காலம் எதற்கு? செப்டம்பர், அக்டோபரில் வடக்கே குளிர் ஆரம்பித்ததும் இமயமலையிலிருந்தும், அதற்கும் அப்பால் மத்திய ஆசியா, சைபீரியாவிலிருந்தும் பறவைகள் தெற்கே இறங்க ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் கதிர்க்குருவிகூட அவ்வளவு தூரம் பறந்து வந்து நம் அபார்ட்மென்ட் மரத்தில் உட்கார்ந்து 'ச்சீவி' என்று கத்தும். நாம் குருவி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம்.

முதல் நாள் காலை லால்பாக். ஹைதர் அலி 1760ல் ஆரம்பித்த தோட்டம், இன்றைக்கு 240 ஏக்கர். மெட்ரோவிலேயே போகலாம். 1972ல் தொடங்கிய பெங்களூர் பறவை ஆர்வலர் சங்கத்தினர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை இங்கே கூடுவதைப் பல பத்தாண்டு வழக்கமாக வைத்திருக்கிறார்கள். புதியவர்கள் போய் நின்றால் முகம் சுளிக்க மாட்டார்கள். சாம்பல் வாலாட்டி, ஈப்பிடிப்பான்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஆறுமணிக்குருவி எல்லாம் கிடைக்கும். ஜனவரி மலர்க் கண்காட்சி நாட்களில் மட்டும் போகாதீர்கள். பறவையைவிட தலைகள்தான் அதிகம் தெரியும்.

அங்கிருந்து ஹெப்பாள் ஏரி. ஏர்போர்ட்டுக்குப் போகும்போது மேம்பாலத்திலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பார்க்காமலும் போகிறார்கள். கூழைக்கடா, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து என்று நம் ஊர்க் கண்மாய்க் கூட்டம் முழுக்க அங்கே இருக்கிறது.

மாலை நாலு மணிக்கு ஹெசரகட்டா போய்விடுங்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894ல், அர்க்காவதி ஆற்றின் குறுக்கே இங்கே கட்டிய ஏரியிலிருந்துதான் பெங்களூருக்கு முதன்முதலில் பெரிய அளவில் குழாய்த் தண்ணீர் வந்தது. ஏரியைச் சுற்றி ஒரு பெரும் புல்வெளி. மரம் கிடையாது, அருவி கிடையாது, செல்ஃபி எடுக்க ஒன்றுமே கிடையாது. புதிதாக வருபவர்கள் "இந்தப் பொட்டல்ல என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் பதில் வரும். பூனைப்பருந்துகள் புல்லுக்கு மேலே இரண்டாள் உயரத்தில், இறக்கையை அசைக்காமல் மிதந்து வந்து புல்லுக்குள்ளேயே தரையில் இறங்கி இரவைக் கழிக்கும். மரத்தில் தங்காத பருந்து! கஜகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வருபவை அவற்றில் உண்டு. இங்கே அவற்றின் முக்கியத் தீனி வெட்டுக்கிளி. விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரின் 'ஏட்ரி' ஆய்வு நிறுவனத்தார் நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் இந்தப் பருந்துகளுக்குக் கருவி பொருத்தி, அவை கஜகஸ்தான் வரை போவதைத் தொடர்ந்து பார்த்தவர்கள். இந்தியா முழுக்க 30 ஆண்டுகளாக இவை கூடி உறங்கும் இடங்களில் எடுத்த எண்ணிக்கைகளை 2018ல் தொகுத்து வெளியிட்டார்கள். வருகிற பருந்துகள் குறைந்துகொண்டே போகின்றன என்பதைத்தான் அது காட்டியது. 2023ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் அதையேதான் சொல்கிறது. நீண்டகாலப் போக்கு கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. அதிலும் புல்வெளியை நம்பி வாழும் பறவைகளுக்கு அடி பலம்.

ஏன் குறைகின்றன? பல காரணங்கள் உண்டு. என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக் கடனுக்கு வரும் நிலப் பத்திரங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. கர்நாடகத்தில் பஹணி என்று ஒரு காகிதம் உண்டு, நம் ஊர் அடங்கல் மாதிரி. அதில் 'கராப்' என்று ஒரு கலம். விவசாயத்துக்கு ஆகாத பாறை, மேடு எல்லாம் 'ஏ' கராப். ஓடை, வாய்க்கால், பாதை என்று பொதுக் காரியத்துக்கு விட்டது 'பி' கராப். மாடு மேய விட்ட நிலத்துக்கு கோமாளா என்று தனிப் பெயர். வரி வராத நிலம் என்பதுதான் ஆரம்பத்தில் அர்த்தம். ஆனால் கராப் என்ற சொல்லுக்கே கெட்டுப்போனது என்று பொருள். தமிழில் நாம் இன்னும் ஒரு படி மேலே. புறம்போக்கு என்பதை ஆளைத் திட்டவே வைத்துக்கொண்டோம். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன.

ஒரு இடத்துக்கு 'வீண்' என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை எடுத்துக்கொள்வது சுலபம். யாரும் கேட்க மாட்டார்கள். ஹெசரகட்டாவில் பிலிம் சிட்டி கட்டலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கச் சொன்ன யோசனையை மாநில வன உயிரின வாரியம் 2021ல் தள்ளிவிட்டது. கோர்ட், மனு, போராட்டம் என்று இழுத்து, 2024 அக்டோபரில்தான் அதே வாரியம் சுமார் 5,678 ஏக்கரைப் பாதுகாப்புக் காப்பகமாக்க ஒப்புக்கொண்டது. எந்தக் கட்சி ஆட்சி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் புல்வெளிக்காகப் பேசியவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரோடு போய் நின்றவர்கள். பல வருடக் குறிப்பு அவர்கள் கையில் இருந்தது. குறிப்பு இல்லாத இடத்தைக் காலி இடம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

சரி, இரண்டாம் நாள். விடியற்காலை நந்தி மலை, 1,478 மீட்டர். வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறில் சூரியோதயக் கூட்டத்தில் மாட்டினால் பறவைக்குப் பதில் கார் ஹாரன்தான் கேட்கும். மலையுச்சியில் அடர்ந்த மரங்களுக்குள் நீலகிரி காட்டுப்புறாவைத் தேடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். அங்கிருந்து இவ்வளவு தள்ளி இந்த ஒரு குன்றின் மேல் எப்படியோ ஒரு கூட்டம் தங்கிவிட்டது. நம்மைப் போல என்று சொல்ல ஆசைதான் :-) குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் நீலத்தலைப் பூங்குருவியும் இங்கே உண்டு.

இறங்கும்போது அடிவாரப் பாறைகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பாருங்கள். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. கல் குவாரிக்காரருக்கும் அதே பாறைதான் வேண்டும் என்பது அதன் கஷ்டம்.

இந்த மலைப்பக்கம்தான் அர்க்காவதிக்கும் தென்பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் பிறந்த வீடு. அர்க்காவதி ஹெசரகட்டா வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. தென்பெண்ணை ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த அணையில் நுரை பொங்கும் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நாம் விட்ட சாக்கடை அங்கே போய் நிற்கிறது. பெல்லந்தூர் ஏரி 2017லும் 2018லும் தீப்பிடித்தே எரிந்தது. வீண் என்று விட்ட ஏரி நம் ஊர்க்காரன் வயலில் போய்க் கணக்குக் கேட்கிறது.

"ஸார், அப்போ ஜனங்க எங்கே குடியிருக்கிறது? ஊர் வளர வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாதாமாதம் வீட்டுக் கடன் கொடுக்கும் நான் வீடே கட்டாதீர்கள் என்று சொல்ல முடியுமா? காலியாகத் தெரியும் எல்லா நிலத்தையும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. சில இடங்கள் சும்மா கிடப்பது போலத் தெரிந்தாலும் வேலையில் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் கோடி ரூபாய் வீடுகளிலிருந்து ஆட்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வந்தார்களே, அங்கெல்லாம் தண்ணீருக்குத் தன் பழைய வழி நன்றாக ஞாபகம் இருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. ஃப்ளாட் வாங்கும் முன் கிராம வரைபடத்தை வாங்கி, ஏரி எங்கே, ராஜகாலுவே எங்கே, 'பி' கராப் எங்கே என்று பார்த்துவிடுங்கள். பில்டர் தரும் கலர் பேப்பரில் இது இருக்காது. தாழைக்கோழி நடக்கும் இடத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்த வரைபடம் சீக்கிரம் புரியும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

- பெரிய கேமரா தேவையில்லை. 8x42 பைனாகுலர் ஒன்று குடும்பத்துக்கே போதும். 'மெர்லின்' ஆப் இலவசம், குரலைக் கேட்டே பெயர் சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும், கண்ணையும் நம்புங்கள்.
- மொபைலில் பறவைக் குரலை ஓடவிட்டு அதை வெளியே வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று பயந்து வருகிறது அது.
- ஹெசரகட்டாவில் காரைப் புல்லுக்குள் இறக்காதீர்கள். புல்லுக்குள்தான் அவர்கள் படுக்கை.
- இட்லி, தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

இன்னொன்று. 2015லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி 'இபேர்ட்' தளத்தில் ஏற்றினால் போதும். பொங்கலுக்கு எப்படியும் ஊருக்குத்தானே போகப் போகிறோம்? பெங்களூரில் இரண்டு நாள் பழகிய கண்ணோடு போங்கள். பிள்ளைகளையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கோ மந்தைவெளிக்கோ ஒரு காலை நடந்து வாருங்கள். நமக்குத் தெரியாத பறவைப் பெயர்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும்.

கையோடு, அந்த இடம் கிராமக் கணக்கில் என்ன பெயரில் இருக்கிறது என்றும் வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.