பைதன் இரண்டும் பழமைக் காவலரும்

செய்நிரல் மொழியொன்றின் பழைய பதிப்பைப் பணிசெயல் முறைமையிலிருந்து விலக்குவது பொறியியலாளர் மாத்திரம் பேசித் தீர்க்கவேண்டிய அலுவல் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை என வினவுவோரும் உளர். எழுத்து என்பது யாது, அதனை எண்ணுவது எங்ஙனம், எவருடைய எழுத்துக்கு முதலிடம் என்னும் வினாக்களே இவ்விவகாரத்தின் உட்கிடையாக உள்ளன. எனவே மொழி பயிலும் மாணவர் இங்கு வாளாவிருத்தல் தகாது என்பதே எமது கருத்தாகும்.

முதற்கண் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் 1991இல் பைதன் என்னும் செய்நிரல் மொழியை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 2000ஆம் ஆண்டிலும் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரிலும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பு இரண்டாவதுடன் முற்றாக ஒத்துப்போகாதவாறு தெரிந்தே அமைக்கப்பட்டது. ஐந்தை இரண்டால் வகுக்கப் பணித்தால் பழையது 2 என்னும், புதியது 2.5 என்னும். ஆதலின் பழைய நிரல்களைத் திருத்தியெழுதுதல் இன்றியமையாததாயிற்று. இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு 2015இல் முடிவுறும் என முதலிற் கூறப்பட்டது. பின்னர் அக்கெடு 2020 வரை நீடிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் 2.7.18 என்னும் இறுதி வெளியீட்டோடு அதன் வரலாறு நிறைவுற்றது. அப்பிள் நிறுவனம் 2022இல் தனது மக்ஓஎஸ் 12.3இலிருந்து அதனை அகற்றியது. தொண்டர்கள் கூடி ஆக்கும் டெபியன், 2021இல் வெளியிட்ட 11ஆம் பதிப்பில் அதன் எச்சத்தை மாத்திரம் வைத்திருந்து, 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பில் முற்றாக விலக்கியது. பெடோரா 2024இல் தனது 41ஆம் பதிப்போடு அதற்கு ஓய்வளித்தது.

இதனைக் கண்டிப்போர் முன்வைக்கும் தலையாய வாதம், நன்றாக இயங்குவதை ஏன் அகற்றவேண்டும் என்பதாகும். நாம் அவர்களிடம் திருப்பிக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: அது எவருக்கு நன்றாக இயங்கிற்று?

தமிழ் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமது இலக்கணப்படி அதில் மூன்று எழுத்துக்கள் உள. இன்று பெருவழக்கிலுள்ள யுடிஎப்-8 குறிமுறையில் அமைந்த இச்சொல்லைச் சாதாரண சரமாகப் பைதன் இரண்டிடம் கொடுத்து நீளத்தைக் கேட்டால், 15 என விடை கூறும். அது எழுத்தை அறியாது, பைற்றுக்களையே எண்ணும். முதலெழுத்தைத் தா எனின் தகரத்தில் மூன்றிலொரு துண்டை வெட்டித் தரும். யுனிகோட் சரம் என்னும் வேறொரு வகை அதில் இருந்தமை மெய்யே. ஆயின் தமிழுக்கு அது கேட்டுப் பெறவேண்டிய சலுகை. ஆங்கிலத்துக்கோ அந்த அவசியமே இருந்ததில்லை. இருவகைச் சரங்களும் கலக்குமிடத்து, எல்லாம் ஆங்கில எழுத்துக்கான அஸ்கிக் குறிமுறையே எனப் பைதன் இரண்டு தானாகக் கருதிக்கொள்ளும். இதனால் ஆங்கிலப் பெயர்ப் பட்டியலோடு ஆண்டுக்கணக்கில் பழுதின்றி ஓடிய நிரல், முதலாவது தமிழ்ப் பெயர் வந்த அன்றே இடறி வீழ்ந்துவிடும். நன்றாக இயங்குகின்றது எனச் சான்று பகர்ந்தவர் அப்பட்டியலில் தமிழ்ப் பெயரைச் சேர்த்துப் பார்த்திராதவரே.

பைதன் மூன்றில் சரம் என்றாலே யுனிகோட் சரந்தான். அதே சொல்லுக்கு அது 5 என விடை தரும். மகரத்தோடு சேர்ந்த இகரக் குறியையும் ழகரத்தின் மேலுள்ள புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வரும் தொகை அது. இக்குறை யுனிகோட் முறையில் தமிழ் வகுக்கப்பட்ட பாங்கினால் நேர்ந்தது. எனினும் எழுத்திலக்கணம் அறிந்த ஒருவர் சில வரி நிரல் எழுதி ஐந்தை மூன்றாக்கிவிடலாம். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் மூன்றாம் பதிப்பு இடமளிக்கின்றது. இரண்டாம் பதிப்பு அதற்கு இடமளிக்கவில்லை.

இரண்டாவது வாதம் சற்று மதிக்கத்தக்கது. ஆய்வுகூடமொன்றில் பழைய நிரலை எழுதிய மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அதைத் திருத்த எஞ்சியிருப்போருக்கு நேரமுமில்லை, பணமுமில்லை. இவர்களைக் கைவிடலாமா? விலக்குதல் வேறு, அழித்தல் வேறு என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பைதன் இரண்டின் மூலநிரல் இன்றும் எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாகவே உள்ளது. பழைய பணிசெயல் முறைமையை வலையமைப்பிலிருந்து பிரித்துத் தனியே இயக்கிக்கொள்ளவும் தடையில்லை. பணிசெயல் முறைமை மீளப்பெற்றுக்கொண்டது தனது பொறுப்புறுதியை மட்டுமே. ஆக்கியோரே பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்ட பொருளில் நாளை ஓட்டையொன்று வெளிப்படின் அதை அடைப்பவர் யார்? அடைப்பாரில்லை என அறிந்தும் அதனை மக்கள் கையில் கொடுப்பது, கெட்ட சரக்கெனத் தெரிந்தும் அலுமாரியில் அடுக்கிவைக்கும் கடைக்காரரின் செயலை ஒத்தது.

மேலும், பராமரிப்பு என்பது உழைப்பு. ஆயிரக்கணக்கான பொதிகளை இரு பதிப்புகளுக்கும் ஏற்பப் பல ஆண்டுகள் பேணிவந்தோருட் பெரும்பாலார் கூலி பெறாத தொண்டர்கள். அவ்வுழைப்பின் பயனை இலாபமாக்கிய நிறுவனங்களிற் பல, 2008 தொடக்கம் பன்னிரண்டு ஆண்டுகளைக் கையிற் கொண்டிருந்தும் தத்தம் நிரல்களைத் திருத்தாது காலம் கடத்தின. பழையதே வேண்டுமென்போர் அதற்குரிய விலையைச் செலுத்தட்டும். ரெட் ஹற் நிறுவனம் தனது வாடிக்கையாளருக்கென 8ஆம் பதிப்பில் 2024 ஜூன் வரை அதனைப் பராமரித்தது. விலை செலுத்த மனமில்லாதார் தொண்டரின் இரவுகளைக் கடனாகக் கேட்பது எவ்வகை நியாயம்?

பழையன மறைவதையும் புதியன வழக்கிற் சேர்வதையும் குற்றமாகக் கொள்ளாத இலக்கண மரபு நம்முடையது. நன்னூலார் அதனை விதியாகவே வகுத்துவைத்தார். அம்மரபிற் பயின்ற நாம் இவ்விலக்கத்தை வரவேற்பதில் வியப்பில்லை. இதிற் குறை காணவேண்டுமாயின், விலக்கியமையிலன்றி விலக்கத் தாமதித்தமையிலேயே காணவேண்டும். ஐந்து ஆண்டுகள் கெடு நீடித்தமையால் அவ்வைந்து ஆண்டுகளிலும் பழைய அடித்தளத்தின்மீது புதிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றைப் பிரிக்கும் பாரமும் பெருகிற்று.

நம்முன் உள்ள கடமை வேறு. நமது துறைகளிலும் நூலகங்களிலும் உள்ள நிரல்கள் தமிழ்ப் பெயரைத் தாங்குமா எனச் சோதித்தறிவோம். தாங்காதவற்றைத் திருத்துவோம். இயங்குகின்றது என்னும் சான்றிதழை இனிமேல் நமது எழுத்தும் கையொப்பமிட்ட பின்னரே ஏற்போம்.