பெயர்களை வாசித்த பேராயர்

மதத் தலைவர்கள் அரசியலில் தலையிடலாகாது என்னும் உபதேசம் உலகெங்கும் கேட்கிறது. அவர்கள் ஆட்சியாளருக்கு ஆசி வழங்கும்போது அதனை எவரும் நினைவூட்டுவதில்லை. ஏழைகளுக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டாற் போதும், உடனே உபதேசம் எழுந்துவிடும். மத்திய அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடான எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் ரொமேரோ அதற்குச் செவிசாய்க்காதவர். அதற்கான விலையைத் தன் உயிரால் செலுத்தியவர்.

1977 பெப்ரவரியில் அவர் தலைநகர் சன் சல்வடோரின் பேராயரானபோது மகிழ்ந்தவர்கள் கோப்பித் தோட்ட முதலாளிகளே. மரபு வழுவாத, அமைதியான, 59 வயதுக் குருவானவர் தமக்குத் தொல்லை தரமாட்டார் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு சில வாரங்களிலேயே பிழைத்தது. மார்ச் 12ஆம் திகதி அவரது நண்பரான இயேசு சபைக் குரு ருத்தீலியோ கிராண்டே, ஒரு முதியவருடனும் ஒரு சிறுவனுடனும் பயணம் செய்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கரும்பு விளையும் அகிலாரெஸ் பகுதியின் விவசாயக் கூலிகளுக்கு உரிமையுணர்வு ஊட்டியதே அவர் செய்த குற்றம். இக்கொலைகள் விசாரிக்கப்படும்வரை அரச வைபவங்களில் பங்குபற்றப்போவதில்லை என்று ரொமேரோ அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் புதிய ஜனாதிபதி பதவியேற்றபோதும் அவர் செல்லவில்லை.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்த எனக்கு, ரொமேரோவின் வாழ்வில் மிகப் பெரிதாகத் தெரிவது அவரது ஞாயிறு மறையுரைதான். நாட்டின் பெரிய நாளேடுகள் செல்வந்தர்களின் கைகளில் இருந்தன. கிராமங்களில் நடந்தவை அவற்றில் செய்தியாகவில்லை. பேராயரோ வேதவசனத்தை விளக்கியபின், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் ஆகியோரின் விபரங்களைப் பெயர், ஊர், திகதியுடன் வாசிப்பார். மறைமாவட்டத்தின் சட்ட உதவிப் பணியகம் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, சரிபார்த்துத் தொகுத்த விபரங்கள் அவை. வானொலி வழியே நாடே செவிமடுத்தது. அவ்வானொலி நிலையம் பலமுறை குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு செய்தியாசிரியர் செய்யவேண்டிய பணியை, செய்தியாசிரியர்கள் வாய்மூடியிருந்த நாட்டில் ஒரு பேராயர் செய்தார்.

அவர் ஒருபக்கச் சார்பானவர் என்றார்கள். கெரில்லாக் குழுக்களின் ஆட்கடத்தல்களையும் கொலைகளையும் அவர் கண்டித்தே வந்தார். ஆயினும், நடுநிலை என்ற பெயரில் கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒரே தட்டில் வைக்க அவர் இணங்கவில்லை. 1980 பெப்ரவரியில், தம் நாட்டு இராணுவத்துக்கு உதவி வழங்கவேண்டாம் என அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி காட்டருக்குக் கடிதம் எழுதினார். உதவி நிற்கவில்லை. மார்ச் 23ஆம் திகதி மறையுரையில் சாதாரண படையினரையே நேரடியாக விளித்தார். நீங்கள் கொல்லும் விவசாயிகள் உங்கள் சகோதரர்கள், இறைவனின் சட்டத்துக்கு மாறான கட்டளைக்குக் கீழ்ப்படிய எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பதே அவர் சொன்னதன் சாரம். மறுநாள் மாலை, அவர் வசித்துவந்த புற்றுநோய் வைத்தியசாலையின் சிற்றாலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒற்றைச் சன்னம் அவரது மார்பைத் துளைத்தது. இறுதிச் சடங்குக்குத் திரண்ட மக்கள்மீதும் தாக்குதல் நடந்தது. பலர் மாண்டனர். 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போர் ஏறத்தாழ 75,000 உயிர்களைக் குடித்தது.

கொலைக்குக் கட்டளையிட்டவர் முன்னாள் இராணுவ அதிகாரி ரொபேர்ட்டோ தோபிசோன் என 1993இல் ஐ.நா. உண்மை ஆணைக்குழு தெரிவித்தது. அதற்கு முந்திய ஆண்டே அவர் இறந்துவிட்டார். அறிக்கை வெளியாகிச் சில நாட்களுக்குள் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. 2016இல்தான் நீதிமன்றம் அச்சட்டத்தை இரத்துச் செய்தது. 2018 ஒக்டோபரில் பாப்பரசர் பிரான்சிஸ் ரொமேரோவைப் புனிதராக உயர்த்தினார்.

இதில் மகிழ்ச்சி உண்டு, அச்சமும் உண்டு. பீடத்தில் ஏற்றிய சிலை எந்த அரசையும் கேள்வி கேட்காது. ரொமேரோவைக் கொண்டாடும் மதத் தலைவர்கள், எந்த மதத்தவராயினும், அவர் செய்த எளிய காரியத்தைச் செய்யட்டும். 'வன்முறை வேண்டாம்' என்னும் பொதுவான அறிக்கையால் எந்தக் கொலைகாரனுக்கும் இடையூறு இல்லை. இன்னார், இன்ன ஊரில், இன்ன திகதியில், இன்னவரால் என்று சொல்லும்போதுதான் அதிகாரம் நடுங்குகிறது. காணாமற்போனோர் என்ற சொல்லின் பாரத்தை அறிந்த நமக்கு, இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.