கார் முடிஞ்சுதோ என்று கேட்காதீர்கள்

ஆராதனை முடிந்து தேநீர் மேசைக்கு வந்தால், எங்கள் குடும்பத்தை நோக்கி வரும் முதற்கேள்வி "எப்பிடி இருக்கிறியள்?" அல்ல. "கார் முடிஞ்சுதோ?" என்பதுதான். பதினொரு வருடமாக இதே கேள்வி. அன்போடுதான் கேட்கிறார்கள். சிலருக்கு வாயோரம் ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும்; அதையும் கண்டிருக்கிறோம். அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சொல்லியே களைத்துப்போனோம். சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எல்லோருக்கும் ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

அந்தக் கேள்வியே பிழை என்பது எங்கள் கருத்து. அதை முதன்முதலில் கேட்கத் தொடங்கியவர்கள் நாங்கள்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

காரைத் தெரியாதவர்களுக்கு: அது 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. இரண்டே கதிரை, மடக்குகிற கூரை. 1962 முதல் 1980 வரை ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டனில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆகையால் அபூர்வமான வாகனம் ஒன்றுமில்லை. உதிரிப்பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கும். அப்பா அதை 2014இல் வாங்கியதற்குக் காரணம் அதன் அழகல்ல, இஞ்சின். யாழ்ப்பாணத்தில் அப்பப்பா ஒரு ஒஸ்ரின் ஏ-55 கேம்பிரிட்ஜ் வைத்து வாடகைக்கு ஓடியவர். அதன் இஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இஞ்சினும் ஒரே 'பி' குடும்பம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடையாக இருந்த காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. புகையும் மணமுமாக ஓடின. ஆனாலும் ஓடின. அந்தக் காரைத் தன் கையால் பராமரித்தவர் எங்கள் அப்பா.

வாங்கிய அன்றைக்கு எம்.ஜி.பி. தன் சொந்தச் சில்லில் ஓடித்தான் வீட்டுக்கு வந்தது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள் கறள் பிடித்து உக்கியிருந்தன. பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. அப்பா சொன்னது ஒன்றுதான்: "கீழ்ப்பக்கத்தை வெட்டி ஒட்டுவம், பிரேக்கைச் செய்வம், ஓடுவம். கார் ஓடவேணும். மினுங்காட்டிப் பரவாயில்லை."

நாங்கள் விடவில்லை. எங்களுக்கு அப்போது 14 வயதும் 11 வயதும். யூரியூப்பில் ஒரு காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, இருபது நிமிடத்தில் புதிதுபோல் ஆக்கிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று அடம்பிடித்தோம். பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று அப்பா இணங்கினார். கோடை விடுமுறை முடிவதற்குள் காரில் மிஞ்சியது வெறும் கூடுதான்.

கழற்றுவதைப்போல ஆனந்தம் வேறில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு போல்ட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அப்பா தன் அழகான கையெழுத்தில் பெயர் எழுதினார்: 'முன் இடது', 'பின் வலது' என்று. ஆறு வருடம் கழித்துத் திறந்தபோதுதான் ஒரு சங்கதி உறைத்தது. அப்பா காருக்கு முன்னால் நின்று பார்த்து இடது வலது எழுதியிருக்கிறார். நாங்கள் கதிரையில் இருந்து பார்த்துப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். முன்பக்கத்தில் ஒரு பாதியைத் திரும்பக் கழற்றவேண்டியதாயிற்று.

கதவுக் கதை இன்னும் மோசம். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். கூரையும் இல்லாதபடியால், கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டிகள்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டுவதற்கு முன்பு, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து இறுக்கவேண்டும். நாங்கள் இறுக்கவில்லை. வெல்டிங் முடித்துக் கதவைப் பூட்டிப் பார்த்தால், உடல் நடுவில் இருத்திவிட்டது. கதவின் மேல் மூலை பின்னால் போய் முட்டுகிறது. ஒட்டியதை எல்லாம் வெட்டித் திரும்பவும் ஒட்ட ஒரு முழு மாரிகாலம் போயிற்று. இடது கதவு இன்றைக்கும் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டும்.

பெயின்டுக்குக் கொடுத்த பணம் கார் வாங்கிய விலையைவிட அதிகம். பழைய பச்சை நிறத்தில், கண்ணாடிபோல வந்தது. வயர் வேலை எங்களில் இளையவளின் பொறுப்பு. பழுப்பு பற்றரியிலிருந்து, வெள்ளை இக்னிஷனிலிருந்து, நீலம் பெரிய விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு என்று எல்லாம் சரியாகப் பூட்டியாயிற்று. இடப்பக்கச் சமிக்ஞையைப் போட்டால் பின்விளக்கு மங்கிமங்கித் துடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் வேறெதுவோ எரிகிறது. மூன்று சனிக்கிழமைகள் தேடினோம். காரணம், பெயின்ட். விளக்குகளின் மின்சாரம் காரின் உடல் வழியாகத்தான் திரும்பிப் போகவேண்டும். நாங்களோ ஒரு இடமும் விடாமல் பெயின்ட் அடித்துவிட்டோம். அந்த விலை உயர்ந்த பச்சையை எர்த் பிடிக்கும் இடமெல்லாம் மண்தாளால் சுரண்டியபோது, அப்பா பக்கத்தில் நின்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பூட்டும் வேலையின் எரிச்சல் கழற்றும்போது தெரியாது. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கும். கதவு உட்பலகையைப் பூட்டக் கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்கு ரப்பர் வேண்டும். தபாலில் வந்த ரப்பர் தடிப்புக் கூட. முன்கண்ணாடிச் சட்டத்தை இறுக்கும் போல்ட்டுகளுக்கு டாஷ்போர்டின் பின்னால் கை போகவேண்டும். நாங்களோ டாஷ்போர்டை முதலில் பூட்டி, அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை முழுக்க உழைத்து மாலையில் பார்த்தால், காலையில் இருந்த இடத்திலேயே கார் நிற்கும். ஒரு பை குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. முடியாத காரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். போர்வைக்குக் கீழே நிற்கும் காரில் கீறல் விழாது. கடைசி மூன்று வருடம் நாங்கள் பின்போட்டதற்கு ரப்பரும் போல்ட்டும் மட்டும் காரணமில்லை. படிப்பு, வேலை என்று சொன்னதும் முழு உண்மையில்லை.

போன மார்கழியில் கிளச்சில் காற்று எடுக்கவேண்டியிருந்தது. ஒருவர் மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திறந்து மூடும் வேலை அது. பிரேக்குக்கு அம்மா மிதித்துத் தந்தா. இந்த முறை அப்பா தானே ஏறி இருந்தார். முடிந்ததும் இறங்க முடியவில்லை. கதிரை நிலத்தோடு நிலமாக இருக்கும் கார் அது. இருபக்கமும் நாங்கள் பிடித்துத் தூக்கி எடுத்தோம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடமாகிறதாம். அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. "பழங்கார் மாதிரித்தான்" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். அவர் சொன்னபடி கீழ்ப்பக்கத்தையும் பிரேக்கையும் மட்டும் செய்திருந்தால், 2016 கோடையில் ஓடியிருப்பார். அப்போது அவருக்கு 60 வயது. இப்போது 69. ரயர்களைக்கூட ஆர்வக்கோளாறில் அப்போதே வாங்கி வைத்தோம். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம் 1417 என்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 14ஆம் கிழமையில் செய்தது என்று அர்த்தம். ஒரு மைல் ஓடாமலே கிழண்டிவிட்டது. மாற்றினோம்.

ஆகவே எங்கள் கருத்து இது. வீட்டுக் கராஜில், சனிக்கிழமைகளில் மட்டும் வேலை செய்பவர்கள் ஓடுகிற காரை முழுதாகக் கழற்றக்கூடாது. ஒரு மாரிக்கு ஒரு பகுதியைச் செய்யுங்கள், கோடையில் ஓடுங்கள். பிரேக், ஸ்டியரிங், பெற்றோல் குழாய், ரயர், உடலின் பலம் ஆகியவற்றில் ஒரு சமரசமும் வேண்டாம். பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது கடந்த கார்களுக்கு இந்த நாட்டில் எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை, எங்களுடையதை நாங்கள் கேட்டுத்தான் சோதிப்பித்தோம். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். குரோம் காத்திருக்கலாம், கம்பளம் காத்திருக்கலாம். அப்பாவின் முழங்கால் காத்திருக்கவில்லை.

இதோடு இன்னொன்று. பெரியவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினால், அது எதற்காக என்று அவர்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டதாக நினைத்தோம். உண்மையில் எங்கள் விருப்பத்தைச் சொல்லி, அவர் தலையாட்டியதைப் பதிலாக எடுத்துக்கொண்டோம்.

சித்திரையில் காப்புறுதி எடுத்தோம். பெற்றோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. கம்பளம் பூட்டவில்லை. கதிரையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, பின்பக்கமாக இருந்து, வழுக்கிக்கொண்டு திரும்பினால் அப்பாவால் உள்ளே போகமுடிகிறது. கிளச் மிதிக்கவும் கால் இன்னும் இடம் கொடுக்கிறது. முதல் நாள் எங்கள் தெருவைச் சுற்றி நான்கு வீதி ஓடிவிட்டு வந்தார். இஞ்சினை நிற்பாட்டாமலே, "மூன்றாவது கியர் கொஞ்சம் முனகுது, பரவாயில்லை" என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

ஆகையால், முடிஞ்சுதோ என்று கேட்காதீர்கள், முடியவில்லை. எங்கே போய் வந்தீர்கள் என்று கேளுங்கள். வரும் ஞாயிறு மழை இல்லையென்றால் அப்பாவும் அம்மாவும் ஆராதனைக்கு அதில்தான் வருவார்கள். கூரை இன்னும் பூட்டவில்லை. இரண்டே கதிரை என்பதால் நாங்கள் இருவரும் பஸ்ஸில் வருவோம்.