துறவி சொன்னால் பகா எண்ணோ?

“பெரியவர் சொன்னார், ஆகவே அது மெய்” என்று தலையாட்டுவோர் எந்நாட்டிலும் உளர். கூட்டியும் பெருக்கியும் எவரும் சரிபார்க்கத்தக்க எண்ணூலிலுமா இவ்வடிமைப் போக்கு என்பீராயின், ஆம், அங்கும் புகுந்தது!

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றிப் பகுக்க வொண்ணாதது பகா எண். பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. ஐந்து இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்று கழித்தால் 31. அது பகா எண். பதினோர் இரண்டுகளை அவ்வாறு செய்தால் 2047. அதுவோ 23-ஐ 89-ஆல் பெருக்கி வருவது. எத்தனை இரண்டுகள் பகா எண்ணைத் தரும்? 257 வரைக்கும் விடை கூறுவதாக, 1644-இல் பிரஞ்சுத் துறவி மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். 67-உம் 257-உம் அதில் இடம்பெற்றன. பதினைந்து, இருபது இலக்க எண்ணொன்று பகா எண்ணா என ஆய்ந்தறியக் காலமெல்லாம் போதாது என எழுதியவரும் அவரே! அங்ஙனமாயின் 257 இரண்டுகள் தரும் 78 இலக்க எண்ணை எவ்வாறு ஆய்ந்தார்? இவ்வினாவை அழுத்திக் கேட்டிருந்தால் போதுமே! 67 பற்றிய பிழையை மெய்ப்பிக்க 232 ஆண்டுகள் சென்றன.

1876-இல் பிரஞ்சு அறிஞர் இலூக்கா அதனைச் செய்தார். அவர் வகுத்த வழியை 1930-இல் இலெமர் செப்பமாக்கினார். 4-இல் தொடங்குக, அதனைத் தன்னால் பெருக்கி இரண்டு கழிக்க, ஆய்வுக்குரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க, மீண்டும் அவ்வாறே செய்க. 31-க்கு 4, 14, 8, 0 என வரும். இரண்டுகளின் தொகையினும் இரண்டு குறைந்த முறை செய்தபின் சுழியம் வந்தால் பகா எண், வாராவிடின் அன்று. ஐயமுடையோர் தாளெடுத்துப் போட்டுப் பார்க்க! 67 இரண்டுகள் தரும் எண் பகுபடும் என்று இலூக்கா காட்டினார். எவற்றால் என்பது அப்போதும் தெரியவில்லை. பகுக்கும் எண்ணைக் காணாமலே பகுபடும் என்று உறுதிசெய்த அந்நுட்பமன்றோ வியக்கத்தக்கது! அதே ஆண்டில் 127 இரண்டுகள் தரும் 39 இலக்க எண் பகா எண்ணே என்றும் நிறுவினார். துறவி சொன்னார் என்பதற்காக ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை.

1903-இல் நியூயார்க்கில், அமெரிக்கக் கணக்கறிஞர் கழகக் கூட்டத்தில், கோல் என்பார் விடையை முன்வைத்தார். 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினால் 147573952589676412927 வரும். அதுவே 67 இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்த எண்! வாய்திறவாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். 1947-க்குள் பட்டியல் முழுவதும் ஆயப்பட்டது. 67, 257 நீங்கின. விடுபட்ட 61, 89, 107 சேர்ந்தன.

2024 அக்டோபரில் 13,62,79,841 இரண்டுகள் தரும் பகா எண் அறிவிக்கப்பட்டது. அதன் இலக்கங்கள் 4,10,24,320. அந்நீளத்தையே வாய்பிளந்து பேசுவோர் பலர். ஒன்று கூட்டினால் அதனினும் பெரிய எண் எவர்க்கும் கிட்டுமே! வேறுவேறு பொறிகளில், வேறுவேறு நிரல்களால், இலூக்கா வழியே மீண்டும் மீண்டும் ஆய்ந்து, ஒவ்வொரு முறையும் சுழியமே வரக் கண்ட பின்னரே அதனை வெளியிட்டனர். அச்செய்தியைப் பேசுவார் எத்தனை பேர்?