பல்கலைக்கழக நூலகமும் பொதுக் கிணறுதான்

கும்மிடிப்பூண்டி வட்டம் தோக்கமூரில் பட்டியல் சாதி மக்களின் பாதையை மறித்து நின்ற தீண்டாமைச் சுவர் 2022 அக்டோபரில் இடிக்கப்பட்டது. அதே வட்டாரத்தின் ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவர் அமிர்தம் தலித் பெண் என்பதால் 2020 சுதந்திர நாளில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகி, ஆட்சியர் நேரில் வந்த பிறகே அவர் கொடியேற்ற முடிந்தது. இப்படிப்பட்ட சுவர்களை நமக்கு அடையாளம் தெரியும். படம் எடுக்கலாம், மனு கொடுக்கலாம், ஜேசிபியை வரவழைக்கலாம். செங்கல் இல்லாத சுவரை என்ன செய்வது?

பல்கலைக்கழக நூலகத்தைத்தான் சொல்கிறேன். "நூலகத்தில் எங்கே சாதி? அட்டை இருந்தால் யாரும் உள்ளே போகலாமே" என்று என்னிடம் கேட்டவர்களில் முற்போக்கு பேசும் நண்பர்களும் உண்டு. அந்த 'இருந்தால்' என்ற சொல்லுக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரியும் திருத்தணி அரசு கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். சுற்றியுள்ள பல சுயநிதிக் கல்லூரிகளும் அப்படியே. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் சேப்பாக்கத்தில், கடற்கரையைப் பார்த்து நிற்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் மூர் மார்க்கெட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பார்க் டவுன் போய்ப் பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டு பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கும் இளைஞருக்கு இந்தப் பயணம் ஒரு நாள் கூலி. கல்லூரி விட்டதும் வீடு திரும்பியாக வேண்டிய பெண்ணுக்கு அது நடக்கிற காரியமே இல்லை.

நான் இளங்கலை படித்தது இந்தப் பகுதியின் ஒரு சுயநிதிக் கல்லூரியில். நூலகம் இருந்தது. புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. ஆய்வுக் குழு வரும் நாளில் அலமாரி திறக்கும், எங்களை மேசையில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள், மறுநாள் பூட்டிவிடுவார்கள். ஆய்விதழ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே முதுகலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேல் முதல் தலைமுறை மாணவர்கள். அவர்களில் பலருக்கு அது இன்றுவரை தெரியாது.

இப்போது அந்த ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்செவியர், வைலி, ஸ்பிரிங்கர் நேச்சர் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு. பயன்பெறுவோர் 1.8 கோடிப் பேர் என்றது அரசு.

யார் அந்த 1.8 கோடிப் பேர்? ஒன்றிய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்கள். பொன்னேரி அரசுக் கல்லூரி மாணவி இந்தக் கணக்கில் வரலாம். பக்கத்துச் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் அவள் தங்கை வரமாட்டாள். இரண்டு பேரின் பட்டத்திலும் இருப்பது ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரை.

"லாபம் பார்க்கும் முதலாளிக்கு மக்கள் வரிப்பணத்தில் ஏன் ஆய்விதழ்?" என்ற கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கும். முதலாளிக்கு வேண்டாம், மாணவருக்குக் கொடுங்கள் என்கிறோம். தொழிற்பேட்டைகள் வளர்ந்த வேகத்தில் அரசுக் கல்லூரிகளைத் திறக்காதது யார் தவறு? அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் கடன் வாங்கிச் சுயநிதிக் கல்லூரிக்குப் போன பிள்ளையைத் தனியார் கணக்கில் எழுதி ஒதுக்கிவிட முடியுமா? தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டம் கல்லூரி யாருடையது என்று கேட்பதில்லை. மாணவி அரசுப் பள்ளியில் படித்தாளா என்றுதான் கேட்கிறது. மாதம் 1,000 ரூபாயை மாணவி பெயரில் தர முடிந்தால் நூலக உரிமையையும் அவள் பெயரில் தரலாம்.

அடுத்து வருவது "இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே" என்ற பேச்சு. கிடைப்பதைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பயன்படுத்துங்கள்: முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா', பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பாடநூல்களுக்குத் தேசிய மின்னூலகம். மூன்றும் இலவசம். ஆனால் புதிய ஆய்வுகளில் பெரும்பகுதி கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. சந்தா இல்லாதவர்கள் போய்வந்த கொல்லைப்புற வழி சை-ஹப். எல்செவியரும் வைலியும் அமெரிக்க வேதியியல் சங்கமும் 2020-இல் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் அதையும் முடக்கத் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்வாசலில் உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லை என்கிறார்கள். கொல்லைப்புறத்தில் போனால் திருட்டு என்கிறார்கள்.

இதன் பொருள் கும்மிடிப்பூண்டியில் என்ன? ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீர் பற்றியும் பழவேற்காடு ஏரி பற்றியும் ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் மொண்டு போய்ச் சோதித்தார்கள்; முடிவை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் மகள் அதைப் படிக்க ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் "ஆதாரம் இருக்கிறதா?" என்று அவளைத்தான் கேட்பார்கள். ஆதாரம் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறார்கள்.

1924-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சீர்காழி இரா. அரங்கநாதன் பொறுப்பேற்றார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நூலகவியல் படிப்பவர்கள் அதை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அதே 1924-இல், அதே சென்னையில், இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் பொது இடங்களைப் பயன்படுத்தவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானம். ஒருவர் புத்தகம் அலமாரியை விட்டு இறங்க வேண்டும் என்றார். மற்றவர் மக்கள் தெருவுக்குள் நுழைய வேண்டும் என்றார். முதலாமவரின் விதி இரண்டாமவரின் மக்களை இன்னும் வந்து சேரவில்லை.

தூரத்தைக் காரணம் சொல்பவர்களுக்கு ஒன்று. 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார். வண்டி ஊர் ஊராகப் போனது. இன்று மாட்டுவண்டிகூட வேண்டாம். வீட்டிலிருந்தே நூலகத்துக்குள் நுழையும் 'இன்ஃபெட்' வசதி நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தேவை ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும்.

நம்மிடமும் குறை இருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்குகிறோம், இறங்கத்தான் வேண்டும். உள்ளே நுழைந்த பிள்ளை எதைப் படிக்கிறது, எங்கே உட்கார்ந்து படிக்கிறது என்று கேட்கிறோமா? கொலம்பியாவில் படித்த அம்பேத்கர் பட்டத்தோடு பெட்டி பெட்டியாகப் புத்தகங்களையும் சேர்த்தார். 1917-இல் அவற்றை ஏற்றி வந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மறுபடியும் சேர்த்தார். தாதரில் கட்டிய ராஜகிருகத்தில் நூலகத்துக்கென்றே இடம் ஒதுக்கினார். அவர் படத்தை மாட்டும் நாம் அந்த அலமாரிகளையும் கேட்க வேண்டும்.

எனவே கோரிக்கைகளை வெளிப்படையாக வைப்போம். இணைப்புக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி மாணவர் ஒவ்வொருவருக்கும் காப்புத்தொகை இல்லாமல் பல்கலைக்கழக நூலக அட்டையும் தொலைநிலை அணுகலும் வேண்டும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் கல்லூரி நிர்வாகத்தைப் பார்க்காமல் மாணவரைப் பார்க்க வேண்டும். நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் திறந்திருக்க வேண்டும். கேட்ட நூல் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பொது நூலகங்களுக்கு வந்து சேர வேண்டும். அங்கே மாணவர் அல்லாத எவரும் ஆய்விதழைப் படிக்க ஒரு கணினி வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டும் மக்கள் இவர்கள். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டுகிறார். யாரும் சலுகை கேட்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகமே நிதியின்றித் தவிக்கிறது, வருமான வரித் துறை 2024-இல் அதன் வங்கிக் கணக்குகளையே முடக்கியது என்பது தெரியும். அதற்கு நிதி கேட்டு ஆசிரியர்களோடு நாமும் நிற்போம். ஆனால் பணம் வந்த பிறகு பார்க்கலாம் என்று எந்தக் கிணறும் திறந்ததில்லை. 1927-இல் மகாடு குளத்துக்கு நடந்து போய்த்தான் தண்ணீரைத் தொட்டார்கள். முதல் வேலையாக, உங்கள் கல்லூரிக்கு என்ன நூலக உரிமை இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான். பதிலை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவோம்.